கைக்குக் கைகொடுக்கும் யந்திரம்



கட்டை விரலுக்கு நூற்றுக்கு 30. சுட்டு விரலுக்கு 14. நடு விரலுக்கு 12. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் தலைக்கு 7. இது எந்தச் சந்தையிலும் கேட்ட விலை அன்று. 1923-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, பின்னர்ப் பலமுறை திருத்தப்பெற்ற தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கண்ட கணக்கு. வேலை செய்கையில் ஒருவர் ஒரு விரலை முழுதும் இழந்துவிட்டால், அவருடைய சம்பாதிக்கும் ஆற்றலில் எத்தனை பங்கு போயிற்று என்பதை அந்த அட்டவணை இவ்வாறு அறுதியிட்டுக் கூறியது. ஆனால், விரல் போகவில்லை, கையிலேயே இருக்கிறது, மடங்கத்தான் மாட்டேன் என்கிறது என்றால் அதற்கு அட்டவணையில் எண் இல்லை. வைத்தியர் ஒருவர் பார்த்து மதிப்பிட வேண்டும் என்ற அளவில் சட்டம் நின்றுவிட்டது. வெட்டுண்ட விரலை எவரும் காண்பர். விறைத்த விரலை அதற்குரியவர் மட்டுமே அறிவார். சட்டைப் பொத்தானைப் போடும்போதும், சோற்றைப் பிசையும்போதும், திருகு ஒன்றை எடுத்து மறையில் பொருத்தும்போதும் அறிவார்.

அந்த விறைத்த கையைப் பற்றியும், அதற்குப் பயிற்சி அளிப்பதற்காக மோட்டாரால் இயங்கும் சிறு கருவிகளைப் பற்றியும், அக்கருவிகளைச் சாமானிய மக்களுக்கும் எட்டும் விலையில் அமைப்பது எப்படி என்பது பற்றியும் இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி இருக்கிறது. அங்கே சிப்காட் தொழில் வளாகம் உண்டு. இரும்பை உருக்கும் ஆலைகள், கம்பி உருட்டும் ஆலைகள், தகடு வெட்டும் பட்டறைகள் முதலியன அப்பகுதியில் மிகுதி. திருவள்ளூர் நகரை அடுத்த காக்களூரிலும் ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. உள்ளூர் மக்களோடு பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் இவ்விடங்களில் உழைக்கிறார்கள். தகட்டு வேலையில் ‘பவர் பிரஸ்’ என்ற யந்திரம் இன்றியமையாதது. அச்சின் மீது தகட்டை வைத்து, மிதியைக் காலால் அழுத்தினால், மேலிருந்து கனத்த இரும்புத் தண்டு இறங்கித் தகட்டை வெட்டும், அல்லது வளைக்கும். கால் மிதிக்கும் கணத்தில் கை விலகியிருக்க வேண்டும். ஒரு ஷிப்டில் இவ்வாறு ஆயிரக்கணக்கான தடவை கை போய்வருகிறது. ஒரே ஒரு தடவை பிந்தினால் போதும். இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினாலன்றித் தண்டு இறங்காதபடி செய்யும் அமைப்பு நெடுங்காலமாகவே உண்டு. யந்திரங்களின் அபாயமான பகுதிகளுக்கு வேலியிட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் கட்டளையிட்டது. வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று அந்த வேலியைக் கழற்றி மூலையில் வைக்கும் பட்டறைகள் இல்லாமற்போகவில்லை. நான் இனிச் சொல்லப்போகும் கருவி எத்துணைச் சிறந்ததானாலும், மூலையில் கிடக்கும் அந்த வேலிக்கு அது ஈடாகாது.

நசுங்கிய கைகளுக்குப் புகலிடமாக வட சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருந்து வருகிறது. 1970-களின் தொடக்கத்தில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி அங்கே கைக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவை வளர்த்தார். அப்பிரிவு பின்னர்க் கை ஆராய்ச்சிக்கும் மறுவாழ்வுக்கும் உரிய நிலையமாகவே விளங்கலாயிற்று. 2018-இல், இறந்தவர் ஒருவரின் கைகளை, கைகளிழந்த மற்றொருவருக்குப் பொருத்தும் அறுவையும் அங்கே நடந்தது. அறுவை வைத்தியம் இந்த அளவுக்கு உயர்ந்துவிட்டது. அறுந்த நரம்பைத் தைக்கிறார்கள். முறிந்த எலும்பைக் கம்பியால் நிறுத்துகிறார்கள். தசைநாணை முடிந்து சேர்க்கிறார்கள். தையல் பிரித்த பிறகுதான் இரண்டாவது துன்பம் தொடங்குகிறது.

அது ஏன் என்று அறியக் கையின் அமைப்பைச் சற்றே பார்க்க வேண்டும். ஒரு கையில், மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளையும் சேர்த்து 27 எலும்புகள் இருக்கின்றன. உடம்பின் 206 எலும்புகளில் இரு கைகளுக்கும் உரியவை 54. அதாவது கால் பங்குக்கு மேல். விரல்களை மடக்கும் பெரிய தசைகளோ விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறுகளைப் போலத் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரல்நுனி வரை செல்கின்றன. மாணவ நேயர்கள் இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். முழங்கையை மேசைமேல் ஊன்றி, கையைத் தளர விடுங்கள். மணிக்கட்டை முன்புறம் தொங்க விட்டால், நீங்கள் நினையாமலே விரல்கள் சற்று நீளும். மணிக்கட்டைப் பின்னுக்குச் சாய்த்தால், அவை தாமாகவே மடங்கும். கயிறு ஒன்றே, மணிக்கட்டு அதன் கப்பி. ஆகவே, விரலுக்குச் சிகிச்சை செய்கிறவர் மணிக்கட்டை மறத்தல் ஆகாது.

இந்தத் தசைநாண்கள் குறுகிய உறைகளுக்குள் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. தைத்த இடம் ஆறும்போது உடம்பு தன் இயல்பின்படி அங்கே வடுத்தசையை வளர்க்கிறது. அந்த வடு நாணை மட்டும் ஒட்டினால் நலம். நாணை உறையோடும் சேர்த்து ஒட்டிவிட்டால் விரல் அசையாது. கையை அசைக்காமல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு அசைத்தால் தையல் அறுந்துபோகும். இந்த இரண்டுக்கும் நடுவில் சில வாரங்களே இருக்கின்றன. முதல் சில வாரங்களில் கையைச் சிறுகச் சிறுக, அளந்த எல்லைக்குள், நாள்தோறும் பலமுறை அசைக்க வேண்டும். பளுவான வேலைக்குச் சுமார் 12 வாரம் பொறுக்க வேண்டும். அதற்குள் கை விறைத்துப் போனால் பிறகு அதை மீட்பது மிகக் கடினம்.

விறைத்த விரலைப் பலவந்தமாக இழுத்து நிமிர்த்தினால் என்ன என்று கேட்கலாம். இதற்குத் தக்க விடையைத் தந்தவர் நம் நாட்டில் உழைத்த டாக்டர் பால் பிராண்ட். இவர் 1914-இல் கொல்லிமலையில் ஆங்கிலப் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தவர். மறு ஆண்டு செங்கற்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றபோது, நகம்போல் வளைந்த விரல்களையுடைய ஒரு நோயாளியின் கையைப் பற்றினார். அந்தக் கையின் பிடியில் இருந்த வலிமை அவரைத் திடுக்கிட வைத்தது. செயலிழந்த தசைகளுக்கு இடையே நல்ல தசைகளும் இருக்கின்றன என்று உணர்ந்து, நல்ல தசையின் நாணை இடம் மாற்றித் தைக்கும் அறுவையை 1948 முதல் தொழுநோயாளிகளுக்குச் செய்யலானார். அறுவைக்கு முன்னும் பின்னும் விறைத்த விரல்களை நிமிர்த்த அவர் கையாண்ட முறை மிக எளியது. விரலை அது வலியின்றி நிமிரும் எல்லை வரை நிமிர்த்தி, மெல்லிய மாவுக்கட்டு ஒன்றைப் போடுவார். சில நாட்களில் அதைக் கழற்றி, இன்னும் சிறிது நிமிர்த்தி வேறு கட்டுப் போடுவார். பலத்த இழுப்பால் திசு கிழிகிறது, கிழிந்த இடத்தில் மேலும் வடு வளர்கிறது. மெல்லிய இழுப்பு நெடுநேரம் நீடித்தால் திசுவே அதற்கேற்ப வளர்ந்துகொடுக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. கைக்கருவி அமைக்க முற்படுகிறவர் வேறெதை மறந்தாலும் இதை மறக்கலாகாது.

வேலூரைப் பற்றிச் சொல்லும்போது டாக்டர் மேரி வர்கீஸையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் அவருடைய கால்கள் செயலற்றுப் போயின. அதன் பின்னரும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க்குக்குச் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் அத்துறைக்குத் தலைமை தாங்கினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நான் பின்னால் கூறப்போகும் கருவி இந்த ஊரில் தோன்றியது தற்செயல் அன்று.

இனி மோட்டாருக்கு வருவோம். அசைக்க வேண்டும் என்றால் நோயாளியின் மறு கை இருக்கிறது, பிசியோதெரபி நிபுணர் இருக்கிறார், மோட்டார் எதற்கு? எண்ணிக்கைக்காக என்பதே விடை. பக்கவாதத்தால் கை வீழ்ந்தவர்களுக்கு அமெரிக்கா, கனடா நாடுகளின் மருத்துவ நிலையங்களில் கொடுக்கப்படும் பயிற்சியை ஆராய்ச்சியாளர் சிலர் அருகிருந்து எண்ணிப் பார்த்து, 2009-இல் வெளியிட்டார்கள். கையால் ஒரு காரியத்தைச் செய்யும் பயிற்சி, ஒரு வேளைக்குச் சராசரி 32 தடவைதான் நடந்திருந்தது. மூளை தன்னைத் திருத்தியமைத்துக்கொள்வதைக் காட்டிய விலங்குச் சோதனைகளிலோ ஒரு வேளைக்குப் பல நூறு தடவை நடந்திருந்தது. செல்வ நாடுகளிலேயே இப்படி என்றால், கும்மிடிப்பூண்டியிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்து, நாள் கூலியையும் இழந்து, வாரத்தில் ஒருநாள் மருத்துவமனையில் அரைமணி நேரம் பயிற்சி பெற்றுப் போகிறவரின் கணக்கு என்னவாகும்?

மோட்டாருக்குச் சலிப்பில்லை. இந்த எண்ணத்தை மூட்டுகளுக்கு முதலில் பிரயோகித்தவர்களில் முக்கியமானவர் கனடாவின் டொரான்டோ நகரத்து ராபர்ட் சால்டர். மூட்டு ஆறவேண்டுமானால் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று வைத்தியர்கள் நம்பியிருந்த காலத்தில், அதைத் தொடர்ந்து மெல்ல அசைத்தால் என்ன என்று 1970-இல் முயல்களைக் கொண்டு ஆராயத் தொடங்கினார். அதிலிருந்து, நோயாளி சும்மா இருக்க யந்திரமே மூட்டை அசைக்கும் கருவிகள் பிறந்தன. அவற்றை அளவுக்கு மீறிப் புகழ்தல் தகாது. பிற்காலச் சோதனைகளில், குறிப்பாக முழங்கால் மாற்று அறுவைக்குப் பின், எதிர்பார்த்த அளவுக்கு நன்மை தென்படவில்லை. பக்கவாதக்காரர் விஷயத்தில் காரணம் தெளிவு: அங்கே கெட்டது கை அன்று, கையை ஏவும் மூளை. யந்திரம் அசைக்க நோயாளி வேடிக்கை பார்த்தால், மூளைக்கு என்ன பாடம் கிடைக்கும்? 1990-களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நெவில் ஹோகன் குழுவினர் அமைத்த யந்திரம் இந்தச் சிக்கலுக்கு வழிகாட்டியது. நோயாளி முயன்றால் அது ஒதுங்கிக்கொள்ளும். முயன்றும் முடியாத இடத்தில் மட்டும் தாங்கும். குழந்தைக்கு நடை பழக்கும் பாட்டியின் கையைப் போல என்று சொல்லலாம்.

ஒதுங்கத் தெரிந்த யந்திரத்தை மலிவாகச் செய்வதுதான் கடினம். அதை விளக்கச் சிறு கணக்கு ஒன்று போடுவோம். 60 கிலோ எடையுள்ளவரின் கை ஏறக்குறைய 360 கிராம் இருக்கும். அதன் எடை மணிக்கட்டிலிருந்து 7 சென்டிமீட்டர் தூரத்தில் திரண்டிருப்பதாகக் கொண்டால், அதைத் தூக்கச் சுமார் கால் நியூட்டன் மீட்டர் திருகுவிசை போதும். விறைப்புக்கும் இடம் விட்டு, ஒரு நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோப் படிக்கல்லை 10 சென்டிமீட்டர் நீளக் குச்சியின் நுனியில் தொங்கவிட்டால் ஏற்படும் திருகல் அவ்வளவுதான். சிறு மோட்டார்கள் வேகமாகச் சுழல்வன, வலிமை குறைந்தவை. நிமிஷத்திற்கு 6,000 சுற்றுச் சுழலும் மோட்டாரை 200-க்கு 1 என்ற பல்சக்கரத் தொகுதியோடு இணைத்தால் வேகம் 30 சுற்றாகக் குறையும். திருகுவிசை, உராய்வில் போவது போக, நூறு மடங்குக்கும் மேல் பெருகும். இப்படிப்பட்ட மோட்டார் மலிவாகவே கிடைக்கிறது.

குறை எங்கே என்றால், அந்தப் பல்சக்கரத் தொகுதியை மறுபுறத்திலிருந்து, அதாவது கையால், எளிதில் திருப்ப முடியாது. பொறியியல் மாணவர்கள் கண்காட்சிக்குக் கருவி செய்யும்போது கார்க் கண்ணாடி துடைக்கும் வைப்பர் மோட்டாரை நாடுவதைப் பலரும் கண்டிருக்கலாம். பழைய சாமான் கடையிலும் அது கிடைக்கும். 12 வோல்ட் மின்கலத்தில் ஓடும். அதனுள்ளே இருப்பது புழுப் பல்சக்கரம். மோட்டார் சக்கரத்தைத் திருப்பும். சக்கரத்தால் மோட்டாரைத் திருப்ப இயலாது. தடைப்பட்டால் 10 நியூட்டன் மீட்டருக்கும் மேலான விசையோடு அது தள்ளும். ஆறிவரும் மணிக்கட்டை அதில் கட்டுவது, பவர் பிரஸ்ஸிலிருந்து தப்பிய கையை மற்றொரு பிரஸ்ஸில் வைப்பதற்கு ஒப்பாகும். மலிவு என்ற சொல்லின் கீழ் இத்தகைய கருவியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆகவே பல்சக்கர விகிதம் குறைந்ததாக இருக்க வேண்டும். அப்படியானால் மோட்டார் பெரிதாக வேண்டும், விலை ஏறும். இந்த இழுபறியில்தான் அமைப்பாளரின் திறமை வெளிப்படுகிறது. நேர்மின் மோட்டாரில் திருகுவிசை, ஓடும் மின்னோட்டத்துக்கு ஏற்றபடி அமையும். மின்னோட்டத்தை அளந்து, ஓர் எல்லைக்கு மேல் போகாதபடி மின்சுற்றைக் கொண்டு தடுத்தால், விசையும் எல்லைக்குள் நிற்கும். மின்சுற்று பழுதானாலும் காக்க, இரும்பிலேயே தடுப்புக் கட்டைகள் வேண்டும். வைத்தியர் 40 பாகை என்று குறித்தால் கருவி 41-க்குப் போக முடியாதபடி ஆணி செருகிவிட வேண்டும். நோயாளியின் நல்ல கையில் ஒரு பொத்தான். அழுத்திக்கொண்டிருந்தால் ஓடும், விட்டால் நிற்கும். வலி வந்தவர் எதையும் தேடி அழுத்த வேண்டிய நிலை இருத்தல் கூடாது. பிரஸ்ஸின் இரு கைப் பொத்தானும் இதுவும் உறவு முறையில் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி.

விலையைக் குறைக்க வேறொரு வழியும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் உயிரிப் பொறியியல் துறையைச் சேர்ந்த சிவகுமார் பாலசுப்பிரமணியன் முதலியோர் கூடி உருவாக்கிய ‘புளூட்டோ’ என்னும் கருவி அவ்வழியைக் காட்டுகிறது. அதன் அமைப்பை விளக்கும் கட்டுரை 2021-இல் ஆய்விதழில் வெளிவந்தது. கருவி பின்னர் விற்பனைக்கும் வந்தது. மணிக்கட்டுக்கு ஒரு மோட்டார், முன்கைக்கு ஒரு மோட்டார், விரலுக்கு ஒரு மோட்டார் என்று அடுக்காமல், பெட்டி ஒன்றில் ஒரே மோட்டாரை வைத்தார்கள். அதன் அச்சில் கழற்றி மாட்டத்தக்க கைப்பிடிகள் பல உள்ளன. ஒன்று மணிக்கட்டை மேலும் கீழும் அசைக்கும். ஒன்று பக்கவாட்டில் அசைக்கும். ஒன்று சாவி திருப்புவது போல முன்கையைப் புரட்டும். ஒன்று விரல்களை விரித்து மூடும். எதிரேயுள்ள கணினித் திரையில் விளையாட்டு நடக்கும். கையை அசைத்து அதை ஆட வேண்டும். முடிந்த அளவு நோயாளி தாமே அசைப்பார். முடியாதபோது மட்டும் மோட்டார் துணை வரும். அமைக்கும்போது நோயாளிகளையும், அவர்களைப் பேணுவோரையும், வைத்தியத் துறையினரையும் கருவியைப் பயன்படுத்தச் செய்து கருத்துக் கேட்டிருக்கிறார்கள். எல்லா அசைவுகளையும் ஒரே சமயத்தில் பழக முடியாதே என்பது இதன் குறை. அதை நான் பெருங்குறையாகக் கருதவில்லை. அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றிற்கு மணிக்கட்டு மேலும் கீழும் 40 பாகையளவு அசைந்தால் போதும் என்று அளந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாக மீட்டாலும் வாழ்க்கை நடக்கும்.

ஆனால் புளூட்டோ பெரும்பாலும் பக்கவாதம் போன்ற நரம்பு நோய்களை எண்ணி அமைந்தது. நசுங்கிய கைக்கு வேண்டியது சிறிது வேறு. வீக்கம் நாளுக்கு நாள் மாறும். ஆகவே பட்டைகளைத் தளர்த்தி இறுக்க வசதி வேண்டும். உணர்ச்சியற்ற விரலில் பட்டை உராய்ந்து புண்ணானாலும் நோயாளிக்குத் தெரியாது. ஆகவே மென்மையான அகன்ற பட்டை வேண்டும். தைத்த நாணைத் தளர்ந்த பக்கம் மட்டும் அசைக்கும் நாள் எது, இருபுறமும் அசைக்கும் நாள் எது என்பதை அறுவை செய்தவரே குறிக்க வேண்டும். அந்தக் குறிப்பின்படி பூட்டும் அமைப்புக் கருவியில் இருக்க வேண்டும். பயன்படுத்தும் முறை தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும், கூடுமானால் எழுத்தே இல்லாத படங்களாகவும் இருத்தல் நன்று.

இவற்றைச் செய்யத் தேவையான தொழில் திறமை கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் இருக்கிறது. தடுப்பு ஆணியைக் கடைந்து தர லேத் பட்டறை உண்டு. உறைக்கு அச்சு வார்க்கப் பிளாஸ்டிக் தொழிலகம் உண்டு. எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டித் தருகிறவர் உண்டு. பழுதானால் உதிரிப் பாகத்துக்காகக் கடல் கடந்து எழுதிப்போட்டுக் காத்திருக்கும் கருவியை, வாங்கிய விலை எதுவானாலும், மலிவானது என்று சொல்ல முடியாது. காத்திருக்கும் இரண்டு மாதத்தில் கை விறைத்துவிடும். மருத்துவக் கருவிகளுக்கு 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் பெற வேண்டும் என்பதையும் பட்டறைக்காரர் மனத்தில் கொள்ள வேண்டும். கையைக் கட்டும் கருவிக்கு அந்தக் கண்டிப்பு நியாயமே.

கடைசியாக விலையைப் பற்றி ஒரு யோசனை. நசுங்கிய கைக்குக் கருவி ஆயுள் முழுதும் வேண்டியதில்லை. சுமார் 8 வாரம் வேண்டும். உதாரணத்திற்கு, கருவியின் விலை 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தொகையைக் கொடுத்து வாங்கக் கூலித் தொழிலாளியால் ஆகாது. ஆனால் நூலகத்தில் புத்தகம் தருவது போல மருத்துவமனை அதை இரவல் தந்தால், ஆண்டுக்கு 6 பேர். 5 ஆண்டு உழைத்தால் 30 பேர். ஒருவருக்கு ஆகும் செலவு 1,333 ரூபாய்; பழுதுபார்க்கும் கூலியையும் சேர்த்தால் 2,000 என்று கொள்ளலாம். திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடந்து வருகிறது. தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டமும் இருக்கிறது. அப்படி ஓர் இரவல் நிலையம் ஏற்படுமானால் அதற்கு வேண்டியவை அதிகம் இல்லை: கருவிகளை வைக்க ஓர் அலமாரி, யார் எடுத்துச் சென்றார், எத்தனை பாகையில் பூட்டினோம், நாளைக்கு எத்தனை தடவை கை அசைந்தது என்று எழுதி வைக்க ஒரு பதிவேடு, திரும்பி வந்த கருவியின் பட்டையைத் துவைத்து, ஆணியைச் சரிபார்த்து, வரிசையில் காத்திருக்கும் அடுத்தவரின் கைக்குப் பொருத்திக் கொடுக்க ஒருவர்.